பட்டாசு விபத்து: ஆஸ்பத்திரியின் தரத்தை எந்த நிமிடத்திலிருந்து அளப்பது?

2012-ல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டி. விபத்து நடந்ததும் லைசென்ஸ் பற்றிப் பேசுகிறோம், நிவாரணத் தொகை பற்றிப் பேசுகிறோம். காயம்பட்டவருக்குக் கிடைத்த சிகிச்சை தரமானதா என்று கேட்பதில்லை.

இப்போது தரத்தை எப்படி அளக்கிறார்கள்?

அரசு மருத்துவமனைகளுக்குத் தேசிய தர உறுதிச் சான்று (என்குவாஸ்) இருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் வார்டைப் பார்ப்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள், ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் கேட்பார்கள். மொத்தத்தில் 70 சதவீதமாவது எடுத்தால்தான் சான்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இது ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே நடப்பதற்கான மார்க்.

இறப்பு எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா?

போதாது. சிவகாசி அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் அங்கே இறந்தால், அது மதுரைக் கணக்கு. மோசமான நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர். சீக்கிரம் அனுப்பிவிடும் ஆஸ்பத்திரிக்கு நல்ல பெயர்!

அப்போ எதை அளப்பது?

நேரத்தை. பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் பழுதாகும். எவ்வளவு டிரிப்ஸ் தேவை என்பதற்கு 'பார்க்லேண்ட்' என்றொரு கணக்கு உண்டு: 4 மி.லி. × உடல் எடை × தீக்காய சதவீதம். 60 கிலோ எடை, 40 சதவீதக் காயம் என்றால் முதல் நாளுக்கு 9.6 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். இது தொடக்கக் கணக்குதான். பிறகு சிறுநீர் போகும் அளவைப் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

முக்கியமான விஷயம், அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்ட நிமிடத்திலிருந்து. வழியிலேயே 3 மணி நேரம் போய்விட்டால் மிச்சம் 5 மணி நேரம்தான்.

என்ன செய்யலாம்?

நோயாளியோடு ஒரே சீட்டு போகட்டும். வெடித்த நேரம், முதல் டிரிப்ஸ் போட்ட நேரம், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வந்த நேரம், எடை, காய சதவீதம். 108-ல் தொடங்கி மதுரை வரை அதே சீட்டு. மாவட்ட நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர்கள் இல்லாமல் அந்த நேரங்களை வெளியிடட்டும். அதை வைத்து நர்ஸுக்கு மெமோ கொடுக்கக் கூடாது; கொடுத்தால் அடுத்த சீட்டில் பொய் நேரம்தான் இருக்கும்.

சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்தை அரசு கணக்கில் எடுக்கிறது. பட்டாசுத் தொழிலாளிக்கு முதல் 8 மணி நேரத்தையாவது எடுக்கட்டும்.