பிரிந்த பிறகு போட்ட கணக்கு

"ராமமூர்த்தி என்னா பண்ணாரு? ஃபிடில் வாசிச்சாரு. மத்ததெல்லாம் விஸ்வநாதன்தாங்க. அதான் பிரிஞ்சப்புறம் யாரு நின்னா, யாரு போனான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே!"

சாலவாக்கம் பக்கத்தில் ஒரு கூத்து இரவு. அரிதாரம் பூசி முடிக்கும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க, விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த 'பாசமலர்' படப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பாயில் இருந்தவர் இப்படித் தீர்ப்பு எழுதினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நாட்டில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். மீதிப் பேர் எதிர்க்கட்சி: "ராமமூர்த்தி போனதோடு அந்தக் கனமும் போச்சு" என்பார்கள். சண்டை பலமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கட்சிக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம். கூட்டாகச் செய்த வேலையில் அசல் ஆள் ஒருவர்தான், பிரித்துவிட்டுப் பார்த்தால் அது யாரென்று தெரிந்துவிடும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். திருச்சியில் இசைக் குடும்பத்தில் 1922இல் பிறந்த வயலின்காரர் டி.கே. ராமமூர்த்தி. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928இல் பிறந்து ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் வேலை பார்த்தவர்கள். 1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, அவர் பாதியில் விட்ட வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இரட்டையராகப் பெயர் வந்தது. வயதில் ஆறு ஆண்டு மூத்தவரின் பெயர் இரண்டாவதாக நின்றது. அன்றைக்கு விழுந்த அந்த வரிசைதான் இன்றைக்கும் சிலர் காதில் தரவரிசையாகக் கேட்கிறது.

அடுத்த 13 ஆண்டுகள் தமிழ்த் திரைப்பாட்டின் நடையே மாறிப்போனது. 1961ஆம் ஆண்டில் மட்டும் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. 1963இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம். 1964இல் வடநாட்டுக் கருவிகளின் நாதத்தோடு 'கர்ணன்'. அதே ஆண்டில் மேற்கத்தியத் துள்ளலோடு 'காதலிக்க நேரமில்லை'. இரண்டும் ஒரே கூடாரத்திலிருந்து வந்தவை என்று சொன்னால், தெரியாதவர் நம்பமாட்டார். 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. அதோடு கூட்டு முடிந்தது.

இங்கேதான் கணக்குப் பிள்ளைகள் பேரேட்டைத் திறக்கிறார்கள். பிரிந்த பின் விஸ்வநாதன் செய்தது நூற்றுக்கணக்கான படங்கள். ராமமூர்த்தி செய்தது இருபதைக்கூடத் தொடவில்லை. "ஆகவே" என்று ஒரு கோடு போட்டு விடை எழுதிவிடுகிறார்கள்.

அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது? சினிமாவில் படம் கிடைப்பது தயாரிப்பாளர் யார், நாயகன் யாரைக் கேட்கிறார், இயக்குநரோடும் கவிஞரோடும் நாள் முழுக்க உட்கார்ந்து பேசிப் பழகும் சுபாவம் யாருக்கு உண்டு என்பதையெல்லாம் பொறுத்தது. 1965க்குப் பிறகு சந்தை யாரை அழைத்தது என்பதற்குப் படப் பட்டியல் நல்ல சாட்சி. 1961இல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு அது சாட்சியே கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகு தம்பி நிலத்தில் அதிகம் விளைந்தது என்பதற்காக, கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் ஏர் பிடிக்கவே இல்லை என்று சொல்வோமா?

இன்னும் சிலர் நியாயவான்கள் போல ஒரு பங்கீடு செய்வார்கள்: மெட்டு விஸ்வநாதன், வாத்தியக் கோர்வை ராமமூர்த்தி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிரிந்த பின் வந்த படங்களே இதைப் பொய்யாக்குகின்றன. 'மறக்க முடியுமா' (1966) படத்தில் மு. கருணாநிதி எழுதி பி. சுசீலா பாடிய பாட்டுக்கு இசை ராமமூர்த்தி. கேட்டவர்களை இன்றும் கலங்கவைக்கும் அந்த மெட்டு யாரிடம் கடன் வாங்கியது? 'நான்' (1967) படத்தின் பாட்டுகள் யாருடையவை? மறுபக்கம், 'அன்பே வா' (1966) முதல் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) வரை விஸ்வநாதன் தனியாக நிரப்பிக் காட்டிய வாத்தியச் செழுமையை யார் எழுதிக் கொடுத்தார்கள்? இருவருக்கும் இரண்டும் தெரியும். சேர்ந்திருந்தபோது ஒருவர் கை எங்கே முடிந்து மற்றவர் கை எங்கே தொடங்கியது என்று வெட்டிப் பார்ப்பது, குழம்பில் புளியைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்வது போன்றது.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை எடுத்து, அதை ராக்கின் சத்தத்தோடு முறுக்கேற்றி வாசித்த 'கிரீம்' என்ற மூவர் குழு 1966இல் லண்டனில் உருவானது. கிட்டாருக்கு எரிக் கிளாப்டன், பேஸ் கிட்டாருக்கு ஜாக் புரூஸ், டிரம்ஸுக்கு ஜிஞ்சர் பேக்கர். மூன்று பேரும் அவரவர் துறையில் கொம்பர்கள். பேக்கருக்கும் புரூஸுக்கும் முந்தைய குழுவிலிருந்தே ஆகாது. இரண்டரை ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1968 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் அரங்கில் விடைபெற்றார்கள். பின்னாளில் உலகப் புகழோடு நின்றவர் கிளாப்டன். உடனே என்ன ஆயிற்று? 'கிளாப்டனின் குழு' என்று பெயராகிவிட்டது. ஆனால் அந்தக் குழுவின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் புரூஸ். சொந்தப் பாட்டுகளில் பலவற்றைக் கவிஞர் பீட் பிரவுனோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. ஜாஸிலிருந்து வந்த பேக்கரின் தாளம் இல்லாவிட்டால் அந்தக் கிட்டார் அந்தரத்தில் நின்றிருக்கும். பின்னால் வந்த புகழ், முன்னால் நடந்த வேலையை விழுங்கிவிட்டது. இங்கே விஸ்வநாதன் பெயர் செய்வதை அங்கே கிளாப்டன் பெயர் செய்கிறது. இருவருமே அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டவர்களில்லை.

நம் கதைக்கே திரும்பினால், 'இருவர்' என்பதும்கூட முழுக் கணக்கில்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் கூடத்தில் உதவிக்கு ஜி.கே. வெங்கடேஷ், ஆர். கோவர்த்தனம் போன்றவர்கள் இருந்தார்கள்; அக்கார்டியனில் மங்களமூர்த்தியும் டிரம்ஸில் நோயல் கிராண்டும் இருந்தார்கள். பாட்டை முணுமுணுக்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? அசல் ஆள் ஒருவர்தான் என்று நம்பத் தொடங்கினால் முதலில் ராமமூர்த்தி போவார். அவருக்கு முன்பே இவர்கள் போய்விட்டார்கள்.

பிரிவையே ஒரு சாபமாகப் பேசுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. 13 ஆண்டு சேர்ந்து உழைத்தார்கள், பிறகு தனித்தனியே போனார்கள். 30 ஆண்டு கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' (1995) படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். 2012இல் இருவருக்கும் ஒரே மேடையில் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ராமமூர்த்தி போனார், 2015இல் விஸ்வநாதன் போனார். அவர்கள் முடித்துக்கொண்ட வழக்கை ரசிகர்கள்தான் இன்னும் வாய்தா வாங்கி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி கூத்துக்கு வருகிறேன். வேடக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்று மூன்று பேர். இரண்டு மணி இருக்கும். துரியோதனன் உச்சக் குரலில் ஓர் அடியைப் பாடி விட்டான். அதே அடியை முகவீணை எடுத்து வாசித்தது. அந்த நேரத்தில்தான் துரியோதனன் மூச்சு வாங்கிக்கொண்டு அடவு போட்டான். கொஞ்சம் கழித்து முகவீணைக்காரர் கருவியை மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அடுத்த பாட்டில் வேடக்காரனுக்குக் குரல் இரண்டு முறை பிசிறியது. பாடியவன் அவனேதான், தொண்டையும் அதேதான். மூச்சு வாங்க இடம் கொடுக்க ஆள் இல்லை.

அடுத்த பாய்க்காரரிடம் இதைச் சொன்னேன். "அட, ஆமாங்க" என்றார். டீ முடிந்து முகவீணை திரும்பி வந்தபோது அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விடிந்து வரும்போது கோயில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். கூத்து ஜமாவின் பெயர் இருந்தது. வாத்தியார் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பந்தல், மைக் செட், அன்னதான உபயதாரர், அவர் மகன், மருமகன் வரைக்கும் பெயர் இருந்தது. பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேர் பெயர் மட்டும் இல்லை. விழாக் குழுப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த வருஷ நோட்டீஸில் இன்னும் மூன்று வரி போடுங்கள். இடம் போதவில்லையென்றால் மருமகன் பெயரை எடுத்துவிடலாம்.