கடன் வாங்கிக் கேமரா வாங்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கேமரா வாங்கும் ஆசை உள்ளவர்களும், அப்படி ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் ஆண்டு விழா, விளையாட்டு விழா, சுற்றுலா என்று பல வருடம் படம் எடுத்தவள் என்பதால், "டீச்சர், முதல் கேமரா எது வாங்கலாம்?" என்று இப்போதும் போன் வருகிறது. சந்தோஷமாகவே பதில் சொல்கிறேன். ஆனால் போன மாதம் பேசிய பழைய மாணவன் ஒருவன் கேட்டது வேறு கேள்வி. கேமராவை அவன் முடிவு செய்துவிட்டான். ஃபுல் ஃப்ரேம், லென்ஸோடு ஒன்றரை லட்சத்துக்கு மேல். அம்மாவின் வளையலை அடகு வைப்பதா, இஎம்ஐ போடுவதா என்பதுதான் கேள்வி. சொந்தமாக ஒரு கேமராவில் நூறு படம்கூட அவன் இதுவரை எடுத்ததில்லை. "எடுத்ததும் பெரிசா வாங்கிடு, இல்லன்னா ரெண்டு வருஷத்துல மாத்தணும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. கேட்க அக்கறை போல இருக்கும். கடைசியில் கஷ்டப்படுவது அந்தக் குடும்பம். ஏன் தவறு என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் மெகாபிக்சல். கடையில் முதலில் சொல்வது இதைத்தான். கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களிலேயே 24 மெகாபிக்சல் இருக்கிறது. அதாவது 6000 புள்ளி அகலம், 4000 புள்ளி உயரம். வீட்டில் இருக்கும் 4கே டிவிக்கு 3840 பெருக்கல் 2160, சுமார் 8 மெகாபிக்சல் போதும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து நல்ல தரத்தில் அச்சடித்தாலும் 9 மெகாபிக்சலைத் தாண்டாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தை இன்னும் சுருக்கிவிடும். மெகாபிக்சல் இரண்டு மடங்கானால் படத்தின் நீள அகலம் இரண்டு மடங்காவதில்லை, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். வர்க்கமூலம் படித்த பிள்ளைகள் நீங்கள், உங்களுக்கே தெரியும். 24 போதாது என்று ஒருவர் சொன்னால், நான் எங்கே அச்சடிக்கப் போகிறேன் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது சென்சார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் நிக்கானில் சுமார் 23.5க்கு 15.6, கேனனில் சுமார் 22.3க்கு 14.9. பரப்பளவில் ஃபுல் ஃப்ரேம் 2.3 முதல் 2.6 மடங்கு பெரியது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நன்றாக எடுக்கும் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை.

இப்போது லென்ஸைப் பாருங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் அப்பர்ச்சர் எஃப் 5.6. தனியாக விற்கும் 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வரை திறக்கலாம். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். 9 மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். கோயில் பிராகாரத்தில், மண்டபத்தின் மங்கிய மூலையில், கிட் லென்ஸுக்கு 1/15 நொடி தேவைப்படும் இடத்தில் இதற்கு 1/125 நொடி போதும். கிட் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத் தடுக்கும், ஓடும் குழந்தையை நிறுத்தாது.

லட்சக்கணக்கில் செலவழித்தால் சென்சாரில் இரண்டரை மடங்கு. சில ஆயிரத்தில் லென்ஸ் மாற்றினால் 9 மடங்கு. அதுவும் விலை குறைந்த ஃபுல் ஃப்ரேம் செட்டில் எஃப் 4-7.1 லென்ஸைக் கொடுத்தால், நீட்டும்போது 7.1க்குப் போய், சென்சார் தந்த ஆதாயத்தில் ஒரு பங்கை லென்ஸே தின்றுவிடும்.

அதனால் என் யோசனை இதுதான். நன்றாகப் பராமரித்த பழைய ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்று, அதன் கிட் லென்ஸ், கூடவே ஒரு 50 அல்லது 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கம்பெனிகள் மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பலர் பழைய டிஎஸ்எல்ஆரை விற்றுவருகிறார்கள். விலை இறங்கியிருக்கிறது. கையில் இருக்கும் காசுக்குள் முடியும்.

"டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சு போச்சு டீச்சர்" என்று சிலர் சொல்வீர்கள். புது மாடல் வராது என்பது சரி. ஆனால் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் மாறவில்லை. இதில் கற்றது நாளைக்கு எந்தக் கேமராவிலும் உதவும். வீடியோதான் முக்கியம் என்றால் மட்டும் மிர்ரர்லெஸ் பாருங்கள். 1500டி போன்றவற்றில் வீடியோவுக்கு ஃபோகஸ் மெதுவாகத்தான் வரும். ஆனால் சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. நம் ஊர் மத்தியான வெயிலில் பின்பக்கத் திரையைப் பார்த்துப் படம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று போனிலேயே அனுபவித்திருப்பீர்கள்.

"கல்யாண ஆர்டர் எடுக்கப் போறேன், அதனால பெரிசு வேணும்" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. கல்யாணத்தில் தாலி கட்டுவது ஒரே தடவை. மெமரி கார்டு பழுதானால் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கார்டு போடும் வசதி அங்கே அவசியம், தொடக்கநிலைக் கேமராவில் அது இருக்காது. ஆனால் முதல் கேமரா வாங்கியவரை நம்பி யாரும் தன் வீட்டுக் கல்யாணத்தை முழுதாக ஒப்படைப்பதில்லை. ஓராண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு உதவியாளாகப் போங்கள். வருமானம் வந்தபின், அந்த வருமானத்தில் பெரியதை வாங்குங்கள். இஎம்ஐ மாதாமாதம் வரும். முகூர்த்தம் மாதாமாதம் வராது. ஆடியும் மார்கழியும் இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

பழையது வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கடலோர ஊர்களில் இது அதிகம். வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே அந்த எண் பதிவாகும். நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் இல்லை. அதனால் விலை குறைவு என்று '50 மி.மீ. 1.8 டி' லென்ஸை வாங்கிவிட்டால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 2011இல் பத்ம விபூஷண் பெற்றவர். அவர் பயன்படுத்திய கேமராக்களில் ஒன்று ரோலைஃபிளெக்ஸ். அதில் ஜூம் கிடையாது, ஒரு சுருளுக்கு 12 படம்தான். பிரான்சின் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடுதான் படம் எடுத்தார். இரண்டு பேரும் நல்ல கேமராதான் வைத்திருந்தார்கள். ஆனால் வேண்டியது கிட்டத்தில் தெரிய, காலால் நடந்து போனார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசையை வெட்டிச் செலவு என்று ஒதுக்காதீர்கள். போன் போதாதா என்றும் கேட்காதீர்கள். போன் பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து ஒரு படத்தைக் கொடுத்துவிடும். ஏன் அப்படி வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. கற்க ஒரு கேமரா வேண்டும்தான். உங்களால் தாங்கக்கூடிய விலையில் வாங்கிக் கொடுங்கள், வளையல் கையிலேயே இருக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் டீச்சருக்கோ, பெரியம்மாவுக்கோ, அத்தைக்கோ, எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிட்டு ஒரு போன் போடுங்கள். மாடல் பெயரையும், கடைக்காரர் சொன்ன விலையையும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள். நான் முதலில் கேட்பது அந்த மூன்றாவதைத்தான்.