திருத்திய பதிப்பு யாருக்குச் சொந்தம்?

ஆறுமுக நாவலர் மறைந்தது 1879இல். அவரது நூல்கள் இன்று எல்லோருக்கும் பொதுச்சொத்து. ஆனால், இத்தகைய பழைய நூல்களில் நாலு காற்புள்ளிகளை மாற்றி, முன்னுரையொன்றை ஒட்டி, ‘திருத்திய பதிப்பு, உரிமை பதிப்பகத்தாருக்கே’ என்று அச்சிடுவோரை என் பத்திரிகை வாழ்வில் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்தச் சட்டம் இவர்களுக்கு இவ்வுரிமையை வழங்கியது?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அப்பாதுகாப்பு புதிதாக ஆக்கியதற்கே. மூலத்துக்கு அது மறுபிறவி கொடுப்பதில்லை. தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2007இல், வெறும் பிழைதிருத்தம் போதாது, ஓரளவேனும் ஆக்கத்திறன் வேண்டும் என்றது.

நீங்கள் உழைத்து எழுதிய குறிப்புரைக்கு உரிமை கோருங்கள், மனமார ஆதரிப்பேன். நாவலரின் வசனத்துக்கு வேலி போடாதீர்கள்!