ஆற்றலை அழிக்க முடியாதுன்னா, கரண்ட்டை எதுக்கு மிச்சம் பிடிக்கணும்?

“ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும்.” பத்தாம் வகுப்பு தாண்டிய யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். அதே வகுப்பறைச் சுவரில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்றும் எழுதியிருக்கும். அழியவே அழியாத ஒன்றை எதுக்குச் சேமிக்கணும்?

நியாயமான கேள்வி. ஆனால், வகுப்பில் இதைக் கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, “அது சிலபஸ்ல இல்லை, உட்காரு” என்ற பதில்தான். ‘எம்ஜிஹெச்’, ‘அரை எம்வி ஸ்கொயர்’ என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து ஏசி வாங்கும்போதும், மாடியில் சோலார் பேனல் போடும்போதும் தேவைப்படுவது அதே பாடம்தான். அப்போது அது கைகொடுப்பதில்லை.

ஆற்றலா, திறனா?

குழப்பம் வரையறையிலேயே ஆரம்பிக்கிறது. ‘வேலை செய்யும் திறனே ஆற்றல்’ என்று படிக்கிறோம். கொஞ்சம் தள்ளிப்போனால், ‘வேலை செய்யப்படும் வீதமே திறன்’ என்று வருகிறது. முதல் வரியில் ‘திறன்’ சாதாரணப் பேச்சுச் சொல். இரண்டாவது வரியில் அதுவே ‘பவர்’ என்பதற்கான கலைச்சொல். இது போதாது என்று ‘அணுசக்தி’, ‘சூரிய சக்தி’ என்று செய்திகளில் மூன்றாவதாக ஒரு சொல் வேறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் எனர்ஜிக்கு ‘சக்தி’, பவருக்கு ‘வலு’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. இங்கே மாணவர்தான் இடம் பார்த்துப் பொருள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சிம்பிளாகச் சொன்னால், குடத்தில் எத்தனை லிட்டர் பிடித்தோம் என்பது ஆற்றல். குழாய் எவ்வளவு வேகமாக ஊற்றுகிறது என்பது திறன். நொடிக்கு 1 ஜூல் செலவானால் அது 1 வாட். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 36 லட்சம் ஜூல். அதைத்தான் இபி பில்லில் ‘1 யூனிட்’ என்கிறார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் காசு போகும். 3 கிலோவாட் சோலார் பேனல் என்றதும், 3-ஐ 24-ஆல் பெருக்கி நாளுக்கு 72 யூனிட் கிடைக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். 3 கிலோவாட் என்பது உச்சி வெயிலில் பேனல் எட்டக்கூடிய அதிகபட்ச வேகம். ராத்திரியில் அது பூஜ்யம். நல்ல வெயில் அடிக்கும் ஊரில்கூட 1 கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில்தான் கிடைக்கும். அதாவது மொத்தம் 12 யூனிட். கூடங்குளம் அணுஉலை ஒன்று ‘1,000 மெகாவாட்’ என்பதும் வேகம்தான். அது முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட் கிடைக்கும்.

ஒரு பக்கெட் வெந்நீர்

20 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாடித் தொட்டிக்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 2,000 ஜூல். அதே தண்ணீரை 28 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 10 லட்சம் ஜூல் வேண்டும். ஏற்றுவதைவிடச் சூடாக்குவதற்கு 500 மடங்கு! மோட்டாரில் வீணாவதைச் சேர்த்துக்கொண்டாலும் சூடாக்கும் செலவுதான் பல மடங்கு அதிகம்.

யூனிட் கணக்கில், அந்த ஒரு பக்கெட் வெந்நீர் கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் அதிகம். 9 வாட் எல்இடி பல்பை 30 மணி நேரம் எரியவிடுவதும் ஏறத்தாழ அதே செலவுதான். லைட்டை அணைக்கலைன்னு பிள்ளையைத் திட்டிவிட்டு, கீசரை ஆன் செய்ததையே மறந்துபோகும் வீடுகள் நிறைய. எது சின்னச் செலவு, எது பெரிய செலவு என்ற அந்த அளவு உணர்வைத்தான் ஆற்றல் பாடம் தந்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கடல்மட்டத்தில் இருந்து 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சிக்கு ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை மொத்தமே ஒன்றரை யூனிட் அளவுதான். சுவரில் இருக்கும் ஸ்விட்ச் எவ்வளவு பெரிய உழைப்பை எவ்வளவு மலிவாகத் தருகிறது என்பது இதில் புரியும்.

வேகம் டபுள், அடி நான்கு மடங்கு

‘அரை எம்வி ஸ்கொயர்’ ஃபார்முலாவில் முக்கியமான விஷயம் அந்த ‘ஸ்கொயர்’. டூவீலரின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதே பிரேக்கை அதே மாதிரி பிடித்தாலும் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் தேவை. 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் 6 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் சுமார் 25 மீட்டர், அதாவது எட்டு மாடி. லைசென்ஸ் எடுக்கும் வயதை நெருங்கும் பிள்ளைக்கு இந்த ஃபார்முலாவை இப்படி ஒருமுறை சொல்லியிருந்தாலே போதும்.

சரி, ஆற்றல் எங்கே போகுது?

முதல் கேள்விக்கு வருவோம். ஃபேன் ஓடும்போது மின்னாற்றல் சுழற்சியாகிறது. அது காற்றைத் தள்ளுகிறது. காற்று சுவரிலும் பொருட்களிலும் மோதி ஓய்கிறது. கடைசியில் எல்லாம் அறையின் லேசான வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு ஜூல்கூட அழியவில்லை. ஆனால், அந்த வெதுவெதுப்பைத் திரட்டி மறுபடியும் ஃபேனை ஓட்ட முடியாது.

‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை. பெருங்காயம் எங்கேயும் போய்விடவில்லை, அளவும் குறையவில்லை. ஆனால், அதை வைத்து இனி சாம்பார் தாளிக்க முடியாது. 1840-களில் ஜேம்ஸ் ஜூல் ஒரு எடையைக் கீழே இறங்கவிட்டு, அதன் மூலம் தண்ணீருக்குள் இருந்த துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். எடை இறங்கினால் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீர் தானாகக் குளிர்ந்து, எடையை மேலே தூக்கியதை யாரும் பார்த்ததில்லை.

ஆற்றலின் அளவு மாறாது என்பது முதல் பாதி. அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியைப் பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதி பிளஸ் ஒன் இயற்பியலில், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாக வருகிறது. அதுவும் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் எல்லோரும் பாதிக் கதையோடுதான் பள்ளியைவிட்டு வெளியே வருகிறார்கள்.

மின்சாரத்தைச் சேமிப்பது என்றால் இந்தப் பயனைச் சேமிப்பது. அனல்மின் நிலையத்தில் 1 யூனிட் தயாரிக்க சுமார் 600 முதல் 700 கிராம் நிலக்கரி எரிக்கப்படுகிறது. அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் நீரிலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. எரித்த நிலக்கரி திரும்ப வராது.

என்ன மாறணும்?

புதுப் புத்தகம் எதுவும் தேவையில்லை. கிலோவாட் மணி பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. வீட்டு மீட்டர்தான் வகுப்புக்குள் வரவில்லை. இரவு ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங், இடையில் என்னென்ன ஓடியது என்று ஒரு பட்டியல். இதைவிட நல்ல ஹோம்வொர்க் இல்லை.

தேர்வில் ‘ஆற்றல் – வரையறு’ என்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: ‘75 வாட் ஃபேனை மாற்றி 30 வாட் ஃபேன் போட்டால், தினமும் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் மிச்சமாகும்?’ விடை, 32 யூனிட்டுக்கும் மேல். யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும் தமிழ்நாட்டு மின்கட்டண முறையில், இது சின்ன விஷயம் இல்லை.

“போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, இதுக்கு ஏது நேரம்?” என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இது கூடுதல் பாடம் இல்லை. அதே பாடத்தை, வெறும் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே வைத்து, பிள்ளைகள் பார்த்துப் பழகிய பொருட்களில் சொல்லித்தருவதுதான். ஜூல் எவ்வளவு என்று கையால் உணர்ந்த மாணவருக்கு, நீட் தேர்வில் வரும் கணக்கும் சுலபமாகத்தான் இருக்கும்.

சுவரில் இருக்கும் அந்த வாசகத்தைப் பார்த்து, “அழியாததை எதுக்கு சார் சேமிக்கணும்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கலாம்.