தோல்வியின் பாதையும் பாடமாக வேண்டும்

கர்னலில் ஒரு சாதன டிரைவரின் தொடக்கப் பணி படிப்படியானது. நினைவகம் பெறுதல், கடிகாரத் துடிப்பை இயக்குதல், பதிவகங்களுக்கு முகவரி அமைத்தல், இன்டரப்ட் கோருதல், இறுதியில் சாதனத்தைப் பதிவு செய்தல் என அது நீளும். நான்காம் படியில் பிழை நேரின், முதல் மூன்று படிகளில் பெற்றவற்றைத் தலைகீழ் வரிசையில் திருப்பித் தர வேண்டும். சி மொழியில் பலரும் பழிக்கும் ‘கோடூ’ கட்டளை லினக்ஸ் டிரைவர்களில் மதிப்புடன் வாழ்வது இதற்காகவே.

இத்தோல்விப் பாதை அரிதாகவே இயங்கும் என்பது பொதுவான எண்ணம். அது பிழை. 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.4, தொடக்கத்தை ஒத்திவைக்கும் முறையைக் கொணர்ந்தது. தனக்கு வேண்டிய கடிகாரமோ மின்னழுத்தச் சீராக்கியோ ஆயத்தமாகவில்லை எனில், டிரைவர் ‘பிறகு முயல்க’ எனும் பொருளுடைய பிழை எண்ணைத் தந்து விலகும். கர்னல் மீண்டும் அழைக்கும். ஆகவே கைப்பேசியிலும் சிறு கணினிப் பலகையிலும் பழுதே இல்லாத நாளிலும் தோல்விப் பாதை இயங்கக்கூடும். அங்கே விடுவிக்க மறந்த நினைவகம் வீணாகிறது; விடுவிக்க மறந்த இன்டரப்ட், இல்லாத நினைவகத்தைத் தொட்டு அமைப்பையே நிலைகுலையச் செய்யலாம்.

2007இல் சேர்ந்த ‘டெவ்எம்’ செயற்கூறுகள், பெற்ற வளங்களைக் கர்னலே தலைகீழ் வரிசையில் விடுவிக்க வழிசெய்தன. ஆயினும் சிலவற்றைக் கையாலும் சிலவற்றைத் தானியங்கு முறையிலும் விடுவித்தால் வரிசை குலையும். கருவி, சிந்தனைக்கு மாற்றாகாது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலி 2018இல் சில்லாக உருப்பெற்று லினக்ஸை இயக்கியது. செயலி நமதானால் போதாது. அதனைச் சூழ்ந்த சாதனங்களுக்கு நம்பத்தக்க டிரைவர்களும் வேண்டும். அவற்றை எழுதப்போவோர் இன்றைய மாணவர்கள். கார்வேட்டிநகரத்து மாணவருக்கு எட்டும் தொலைவிலேயே திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஸ்ரீசிட்டி ஐ.ஐ.ஐ.டி.யும் உள்ளன. இத்தகைய கல்விக்கூடங்களின் ஆய்வகத் தேர்வில், இயங்கும் டிரைவருக்கு மட்டும் முழு மதிப்பெண் தருதல் தகாது. ஒவ்வொரு படியையும் ஒருமுறை வேண்டுமென்றே தோற்கச் செய்து சோதித்தல் வேண்டும். செயற்கையாகப் பிழை புகுத்தும் வசதி லினக்ஸிலேயே உண்டு. பெற்றதைப் பிழையின்றித் திருப்பித் தரும் டிரைவரே முழுமையான டிரைவர்.