கை பழகினால் போதுமா? கண்ணும் பழக வேண்டாமா?

கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. சென்ற இடத்தில் வாகனத்தை நாமே ஓட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசைதான் புதிது. அதிலும் இப்போது பலரை ஈர்ப்பது மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே அடக்கம். சைவ உணவு தேடி அலைய வேண்டியதில்லை. அம்மா வண்டியிலேயே சோறு வடித்து இரசம் வைத்துவிடுவார். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

நம்மில் பெரும்பாலோர் முதலில் நாடுவது நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும். காரணம் எளிது. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள்; ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். வண்டி பெரிது என்பதைத் தவிர வேறு புதுமை இல்லை. அங்கு இரண்டு வாரம் ஓட்டித் திரும்பியதும் துணிவு பிறக்கிறது. "நியூசிலாந்தில் ஓட்டியாயிற்று, பிரான்சில் ஓட்ட முடியாதா?" முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

முடியும் என்பதே என் கருத்து. ஆனால், கேள்வியைக் கேட்பவர் எதைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறாரோ, அது உண்மையில் கற்க வேண்டியது அன்று. கைக்கு வரும் சிரமத்தையே எல்லாரும் எண்ணி அஞ்சுகிறார்கள். ஆபத்து இருப்பதோ கண்ணில். அதைவிட மேலாக, பழக்கத்தில்.

கை விரைவில் கற்றுக்கொள்ளும்

ஸ்டியரிங் இடப்பக்கம் மாறினாலும் காலடியில் எதுவும் மாறுவதில்லை. கிளட்ச் இடக்காலுக்கு, பிரேக் நடுவில், எண்ணெய் மிதி வலக்காலுக்கு. உலகெங்கும் இதே வரிசைதான். கியரை வலக்கையால் மாற்ற வேண்டும். அதுவும் சிரமமானால் தானியங்கிக் கியர் வண்டியைக் கேட்டு வாங்கலாம். நம் புரோட்டோன், பெரோடுவா மகிழுந்துகளில் சிக்னல் தண்டு வலப்புறம் இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் அது இடப்புறம். எனவே முதல் நாள் திரும்ப எண்ணும் போதெல்லாம், சுள்ளென்று வெயில் அடிக்கும் வேளையில் வைப்பர் ஆடும். வண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் யாருக்கும் தீங்கில்லை. மாலைக்குள் கை பழகிவிடும்.

கண்ணின் கணக்கு வேறு

நம் நாட்டில் ஓட்டும்போது நாம் வண்டியின் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறோம். வண்டியின் பெரும்பகுதி நமக்கு இடப்புறம் நீண்டிருக்கிறது. "எனக்கு வலப்புறம் கொஞ்ச இடம்தான்" என்று நம் மூளை பல்லாண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறது. இடப்பக்க ஸ்டியரிங்கில் அமர்ந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆனால், மூளை பழைய கணக்கைக் கைவிடுவதில்லை. தடத்தின் எந்த இடத்தில் நம் உடல் வழக்கமாக இருக்குமோ, அந்த இடத்திலேயே அது இருக்க விரும்புகிறது. விளைவு, வண்டி நம்மையறியாமல் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். அங்கே நிறுத்தி வைத்த வாகனங்களின் பக்கக் கண்ணாடி இருக்கலாம். மிதிவண்டியில் ஒருவர் போய்க்கொண்டிருக்கலாம். மண் சரிவோ வடிகாலோ இருக்கலாம்.

சிறிய மகிழுந்தில் இந்தப் பிழையைச் சாலை பொறுத்துக்கொள்ளும். வீட்டு வண்டியில் பொறுத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் ஓடும் வீட்டு வண்டிகளில் பல ஏறக்குறைய 2.3 மீட்டர் அகலமும் 6 முதல் 7 மீட்டர் நீளமும் உடையவை. ஓட்டுநருக்கு வலப்புறம் மட்டும் ஒன்றரை மீட்டருக்கும் மேல் வண்டி நீண்டிருக்கும். பின்னால் சுவர் இருப்பதால், மகிழுந்தில் நாம் நம்பியிருக்கும் நடுக்கண்ணாடியும் பல வண்டிகளில் உதவாது. இரு பக்கக் கண்ணாடிகளே துணை.

இதற்கு நான் நம்பும் விதி ஒன்றே. சாலைக்குப் பொருந்திய வண்டியில் ஓட்டுநரின் உடல் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஈப்போவிலும் அதுதான் விதி, பாரிசிலும் அதுதான் விதி. "இடமா, வலமா?" என்று குழம்புவதைவிட, "நான் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறேனா?" என்று கேட்டுக்கொள்வது எளிது. நம் உடல் சாலையோரப் பக்கம் இருந்தால், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பொருள்.

எப்போது தவறு நடக்கும்? நெரிசலில் அன்று. முன்னால் செல்லும் வண்டிகளே அங்கு வழிகாட்டும். ஆளில்லாத சாலையில்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். அதிகாலையில் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பும்போது, பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போது, ஊர்ப்புறச் சந்திப்பில் திரும்பும்போது விழிப்பு வேண்டும். நியூசிலாந்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய சுற்றுலாப் பயணிகளுக்காக அங்கே 2014இல் ஒரு தனித் திட்டமே தொடங்கினார்கள். அழகுக்குப் பெயர்போன தென்தீவுச் சாலைகளில் தரையிலேயே அம்புக்குறி வரைந்து, இடப்பக்கம் செல்லுமாறு நினைவூட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஓட்டுவது வெறும் பேச்சுக்குரிய கவலை என்றால், ஓர் அரசு சாலையில் சாயம் பூசுமா?

வண்டி சாலைக்குப் பொருந்த வேண்டும்

"பழகிய ஸ்டியரிங் உள்ள வண்டியையே அங்குக் கொண்டுபோனால் என்ன?" என்று சிலர் வினவுவர். பிரிட்டனில் படிக்கும், பணிபுரியும் நம் பட்டதாரிகளுக்கு இது நடைமுறைக் கேள்வி. 1994இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தின் வழியாக வண்டியை இரயிலில் ஏற்றிப் பிரான்சு செல்லலாம். பிரிட்டிஷ் மக்கள் பலர் தங்கள் வலப்பக்க ஸ்டியரிங் வீட்டு வண்டியுடன் அப்படித்தான் செல்கிறார்கள்.

ஆனால், பொருந்தாத வண்டி என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சான்று. சுவீடனில் 1967 வரை சாலையின் இடப்பக்கம் ஓட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கு ஓடிய மகிழுந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே. ஓட்டுநர் சாலையோரமாக அமர்ந்திருந்ததால், முன்னால் செல்லும் லாரியை முந்த வேண்டுமானால் வண்டி முழுவதையும் எதிர்த்தடத்தில் நீட்டிய பிறகுதான் எதிரே வருவது தெரியும். 1955இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் 1963இல் நாடாளுமன்றம் முடிவெடுத்து, 1967 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை 5 மணிக்கு நாடே வலப்பக்கம் மாறியது.

நம் வட்டாரத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மியன்மார் 1970இல் வலப்பக்கம் மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளே அதன் பிறகும் பல்லாண்டுகள் அங்கே ஓடின. பழைய பேருந்துகளின் கதவு நடைபாதைப் பக்கம் திறக்காமல் சாலையின் நடுப்பக்கம் திறந்தது. இறங்கும் பயணி வாகன ஓட்டத்திற்குள் கால் வைக்க வேண்டிய நிலை!

வீட்டு வண்டிக்கும் இதே கதைதான். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியைப் பிரான்சில் தனியாக ஓட்டுபவர், டோல் சாவடியில் சீட்டெடுக்க இடப்பக்கம் எட்டிப் பார்த்துத் தவிப்பார். முந்தும்போது எதிர்த்தடம் அவருக்குத் தெரியாது. மாறாக, ஐரோப்பியச் சாலைக்கெனச் செய்த வண்டியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தால், வலப்புறக் கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கும். குழந்தை குதித்து இறங்கினால் என்னாகும்? ஆகவே, எந்த நாட்டுச் சாலையோ அந்த நாட்டு வண்டியையே வாடகைக்கு எடுங்கள். பழகிய இருக்கை தரும் சுகத்தைவிட, சாலையை முழுமையாகப் பார்க்கும் இருக்கையே பெரிது. தாய்லாந்தைக் கடந்து நட்புறவுப் பாலம் வழியாக லாவோசுக்குள் நம் மகிழுந்தை ஓட்டிச் செல்வோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாலத்தின் அக்கரையில் சாலைதான் வலப்பக்கம் மாறுகிறது. நம் ஸ்டியரிங் மாறுவதில்லை.

பக்கத்து இருக்கை உறங்குவதற்கன்று

இனி, அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்பவரைப் பெரும்பாலும் பயணி என்றே கருதுகிறோம். அண்ணன் ஓட்டுவார், அண்ணி படம் எடுப்பார், தம்பி கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பார். வீட்டு வண்டியில் இது கூடாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் துணை ஓட்டுநர். வண்டியின் தொலைவான விளிம்பு அவர் கண்ணுக்கே நன்கு தெரியும். "ஓரம் நெருங்குகிறது" என்று சொல்வது அவர் கடமை. பிரான்சில் குறியீடு எதுவும் இல்லாத சந்திப்புகளில் வலமிருந்து வருவோருக்கே முன்னுரிமை. அந்த வலப்பக்கம் ஓட்டுநரைவிட அவருக்கே அருகில். வட்டச் சந்திகளில் அங்கு வண்டிகள் இடமிருந்து வரும். வலம் பார்த்தே பழகிய ஓட்டுநருக்கு "இடம் பாருங்கள்" என்று நினைவூட்டவும் ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைக் குறை கூறுவதாக எண்ணிச் சினம் கொள்பவர் இத்தகைய பயணத்திற்குத் தகுதியற்றவர் என்பேன். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்னும் பேச்சை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பயணக் கண்காட்சிகளில் வீட்டு வண்டிச் சுற்றுலாவை விற்போருக்கும் ஒரு வேண்டுகோள். மலைச்சாரலில் வண்டி நிற்கும் அழகிய படத்தைக் காட்டுகிறீர்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம், வண்டியின் எடை எவ்வளவு என்பதையும் அதே தாளில் அச்சிடலாமே? மலேசியாவின் 'டி' வகை உரிமம் 3,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே. சிங்கப்பூர் நண்பர்களும் தங்கள் உரிமத்தின் எடை வரம்பைச் சரிபார்ப்பது நலம். அனைத்துலக வாகனமோட்டும் அனுமதியையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். 12 மணி நேரத்திற்கும் மேல் பறந்து, 6 அல்லது 7 மணி நேர வேறுபாட்டில் கண்ணெரிய இறங்குபவரிடம் அன்று காலையே சாவியைக் கொடுக்கும் திட்டத்தை யாரும் வாங்க வேண்டாம். ஓர் இரவு உறங்குங்கள். மறுநாள் வெற்றிடம் ஒன்றில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். ஓடும்போது யாரையும் படுக்கையில் படுக்கவிடாமல், எல்லாரையும் இருக்கைவாரோடு அமரச் செய்யுங்கள்.

"இவ்வளவு அச்சம் எதற்கு, இரயிலிலேயே போய்விடலாமே?" எனலாம். தனியாகச் செல்லும் மாணவருக்கு அது நல்ல வழிதான். ஆனால் மூட்டு வலியோடு இருக்கும் பாட்டியையும் மூன்று குழந்தைகளையும் நிலையத்துக்கு நிலையம் இழுத்துச் செல்ல முடியுமா? அவர்களும் உலகைப் பார்க்க வேண்டாமா? அவர்களுக்காகத்தான் இந்த வண்டி. அவர்கள் பின்னால் அமர்ந்திருப்பதால்தான் இந்த எச்சரிக்கையும்.

சுவீடன் நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. பக்கம் மாறிய புதிதில் அங்கே விபத்துகள் குறைந்தன. எல்லாரும் அஞ்சி, கவனமாக ஓட்டினார்கள். ஈராண்டுகளுக்குள் எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பியது. மக்கள் பழகிவிட்டார்கள், கவனம் போய்விட்டது. நம் பயணத்திலும் அப்படித்தான். முதல் நாள் நம்மைக் காப்பது அச்சம். நான்காம் நாள், "எல்லாம் பழகிவிட்டது" என்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலியான கிராமச் சாலையில் திரும்பும்போது காப்பது எது? அன்றைக்கும் பக்கத்து இருக்கையிலிருந்து குரல் கேட்க வேண்டும். அன்றைக்கும் "நான் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறேனா?" என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நண்பர்களே, அந்தக் கேள்வியைக் கடைசி நாள் வரை கேட்கத் தயாராக இருப்பவர்கள் துணிந்து சாவியை வாங்குங்கள்.