ஆணையிட்டவரும் பட்டியல் எழுதியவரும்

1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குப் பின்வாங்கியபின், மலாயாவின் ஜோகூர் மாநிலம் ‘குன்செய்கான்பு’ எனப்பட்ட ஜப்பானிய ராணுவ நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1914 முதல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் செலுத்திய அதிகாரம் ‘சோக்கான்’ எனப்பட்ட ஜப்பானிய ஆளுநரிடம் சென்றது. ஜோகூர் சுல்தான் இப்ராகிம் அரியணையில் நீடித்தாலும் ஆட்சி அவர் கையில் இல்லை. போதிய அலுவலர் இல்லாத ஜப்பானியர் தலைமைப் பதவிகளில் தம்மவரை அமர்த்தி, கீழ்நிலைப் பணிகளை மலாய் அதிகாரிகளிடமும் பழைய எழுத்தர்களிடமும் விட்டதால், ஆணையின் கொடுமை உள்ளூர்க் கைகள் வழியாகவே மக்களை அடைந்தது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவின் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டபோது, ஆள் கேட்டது ராணுவ நிர்வாகம். ஆள் திரட்டிய பழியோ கங்காணிகள்மீதும், ‘கிராணி’ எனப்பட்ட தோட்ட எழுத்தர்கள்மீதும் விழுந்தது. அவர்களில் சிலர் குற்றமற்றவர் அல்லர்; ஆயினும் ஆணையிட்டவரின் பொறுப்பை முதலில் எழுதாத வரலாறு அந்தப் பாதையில் இறந்தவர்களுக்கு நியாயம் செய்யாது.